சுவரைச் சுடுகிறவள்

"அவன் தலையைக் காட்டுறதுக்கு முன்னாடியே நீ சுட்டுடுறம்மா. சுவரைச் சுடுறதுக்கு எங்களுக்கு எதுக்கு ஒரு ஆளு. சுவர் உன்னை என்ன பண்ணிச்சு." இதைத்தான் சொன்னாள், ஓர் எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், பெற்ற தாயைப் பார்த்து, அப்பளத்தைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு. ஏண்டி, பின்னாடி சுடுவதற்கு முன்னாடி சுடுவது மேல் இல்லையா, நீ அவனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சுடுவதற்குள் அவன் உன்னைச் சுட்டுவிட்டால் அப்போது யார் சுவர், என்று நானும் கேட்டேன், அவள் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறப்பதற்குள்ளேயே கேட்டேன், அதற்கு அவள், "பார்த்தியா, இப்பவும் அதேதான் பண்ற, நான் இன்னும் பேசியே முடிக்கலை" என்றாள். அவள் அப்பா தட்டைப் பார்த்துச் சிரித்தார். அவர் எப்போதுமே தட்டைப் பார்த்துத்தான் சிரிப்பார், முகத்தைப் பார்த்துச் சிரித்தால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்த மனுஷர். எங்கள் அடுக்குமாடியில் ஆண்டு விழா. வழக்கமாக கேரம், தம்போலா, சாக்கு ஓட்டம், பிறகு பிரிஞ்சி சாதம், அத்தோடு முடிந்துவிடும். இந்த வருஷம் பிள்ளைகள் தொணதொணத்து, கம்ப்யூட்டரில் அணிக்கு ஐந்து பேராக நின்று சுடுகிற விளையாட்டையும் சேர்த்துவிட்டார்கள், பெண்களுக்குத் தனியாக. ஏ பிளாக்குக்கு என் மகள் நாச்சம்மைதான் கேப்டன். ஐந்தாவதாக இருந்த பெண் வேலை மாறுதலில் புனே போய்விட்டாள், ஐந்தாவது நான். இன்று நாலு மணி வரைக்கும் நான். நாலு மணிக்கு கிளப் ஹவுஸில் பெயர் கொடுக்க வேண்டுமாம். "தலைக்குக் குளிச்சிட்டு வந்து பின்னாடி நின்னு பார்ப்பேன். பொம்மை வெளிய வர்ற வரைக்கும் பொறுத்துச் சுட்டேன்னா உன் பேரு. இல்லைன்னா கீழ் வீட்டு ஷாலினி ஆன்ட்டி." ஷாலினி. கேரமிலேயே கோட்டைத் தாண்டி ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு, ஐயோ தெரியலைங்க என்று கண்ணைச் சிமிட்டுகிறவள். அவளுக்கு விட்டுக்கொடுப்பதா. குளியலறையில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. நாச்சுவுக்கு முடி இடுப்பு வரைக்கும், சீயக்காய் கண்ணில் படாமல் அலசி முடிக்க நேரமாகும், அது வரைக்கும் இந்த நாற்காலி என்னுடையது, இந்த மேஜை, இந்த ஸ்க்ரீன், இந்த மௌஸ், இந்த மத்தியானம் எல்லாமே என்னுடையது.

முதலில் சிவப்பு. ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பாக நிற்கும், எப்போது பச்சையாகும் என்று யாருக்கும் தெரியாது, பச்சையானதும் அமுக்க வேண்டும், எத்தனை மில்லி செகண்டில் அமுக்கினாய் என்று எண் வரும். இது வெறும் கைச்சூடு ஏற்றிக்கொள்கிற பயிற்சி. எனக்கு எண் வருவதைவிட "அவசரப்பட்டுவிட்டீர்கள், மறுபடி முயலுங்கள்" என்று வருவதுதான் அதிகம். இதோ, வந்துவிட்டது. பச்சை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்த பிறகு எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கப்போகிறது என்று தெரிந்தால் அடிக்க விடுவேனா, ஸ் என்று மூச்சை இழுக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுவேன், பருப்பு சில நாள் நறுக்கென்று இருக்கும், சாப்பிடட்டும், பல்லுக்கு நல்லது. லிஃப்ட் கதவு, சிக்னல், காஸ் சிலிண்டர்காரன் விரல் காலிங் பெல் பக்கம் போவது, எல்லாவற்றுக்கும் நான் முந்திதான். கான்வென்ட்டில் சிஸ்டர் லியோனி கேள்வியை ஆரம்பிக்கும்போதே என் கை மேலே இருக்கும். "In which year" என்றதும் நான் எழுந்து 1857 என்றேன். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, உட்காரச் சொல்லாமலே, கேள்வியை முழுசாகக் கேட்டார், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்த வருஷம் அடிக்கல் நாட்டினார்கள் என்று. வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்கும் கையைத் தூக்கினேன். இதோ, மறுபடியும் அவசரப்பட்டுவிட்டேனாம். இந்த ஸ்க்ரீனுக்கு சிஸ்டர் லியோனியின் குரல், கண்ணாடி மட்டும்தான் இல்லை. சரி, சிவப்பு போதும், அறைக்குள் போவோம்.

அறை என்றால் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்று அறை, எதிரே சுவர், சுவரில் கதவில்லாத ஒரு வாசல். வாசலின் இந்த ஓரத்திலிருந்தோ அந்த ஓரத்திலிருந்தோ பொம்மை வரும், தலையைக் காட்டும், போய்விடும். ஸ்க்ரீனின் நடுவில் பச்சையாக ஒரு கூட்டல் குறி. அந்தக் குறி தலைமேல் இருக்கும்போது அமுக்கினால் பொம்மை விழும். இவ்வளவுதான் விஷயம், இதற்குத்தான் இந்தப் பிள்ளைகள் வீடியோ போட்டு விளக்குகிறார்கள், மீசை முளைக்காதவனெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிறான். குறியைத் தரையில் அலைய விடாதே, தலை எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்திலேயே முதலிலேயே வைத்திரு. சரி, இது நியாயம், வாழை இலை போட்ட பிறகா கரண்டி தேடுவார்கள். மௌஸின் வேகத்தைக் குறை, மணிக்கட்டை ஆட்டாதே, முழங்கையிலிருந்து நகர்த்து. இதுவும் எனக்குப் புதிதில்லை, நான்கு கோடு நோட்டில் கூட்டெழுத்து எழுதியபோது சிஸ்டர் என் மணிக்கட்டின் மேல் ஓர் அழிரப்பரை வைப்பார், அது விழுந்தால் பக்கம் முழுக்க மறுபடி எழுத வேண்டும். அதனால்தான் நாச்சு முதல் நாளே, "அம்மா, உனக்குக் கை சூப்பரா போகுது, யார் சொல்லிக்கொடுத்தா" என்று வாயைப் பிளந்தாள். குறி போய்ச் சேருகிறது, சேருவதில் குற்றமே இல்லை, பொம்மைதான் இன்னும் வந்து சேரவில்லை. அதோ, சுவரில் ஓட்டை. இன்னொன்று. துப்பாக்கி சுட்டதும் பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு உடைவது மாதிரி ஒரு சத்தம் ஹெட்செட்டிலிருந்து காதுக்குள் கேட்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது, அந்தச் சத்தத்துக்காகவே நாலு தடவை சுவரைச் சுடலாம் போலிருக்கிறது. மௌஸும் என்னமாய் ஓடுகிறது. ஓடாதா, அதற்குக் கீழே இருக்கிற விரிப்புக்கு நான் கஞ்சி போட்டிருக்கிறேன். மேஜை அகலத்துக்கு ஒரு கறுப்புத் துணி, மௌஸ் பேடாம், அழுக்கேறித் துவண்டுகிடந்தது, துணி என்றால் துவைக்க வேண்டும், பருத்தி போலத் தெரிந்தால் கஞ்சி போட வேண்டும், வடித்த கஞ்சி அன்றைக்கு இருந்தது, போட்டு மொட்டை மாடியில் காயவைத்து, அயர்ன் கூடப் பண்ணியிருப்பேன், அடியில் ரப்பர் என்று அப்போதுதான் பார்த்தேன். நாச்சு அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டாள். "மௌஸ் பேடுக்குக் கஞ்சி போட்ட ஒரே அம்மா உலகத்துலயே நீதான், வெளிய சொன்னா அணியவே நீக்கிடுவாங்க." பிறகு ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தாள். பிறகு சும்மா கேட்கிற மாதிரி, "அந்தக் கஞ்சி எந்த அரிசில வடிச்சது" என்றாள். பவுடர் போட்ட கேரம் போர்டு மாதிரி வழுக்குகிறதாம். கேப்டன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

தண்ணீர் நின்றது. இல்லை, வாளி நிரம்புகிறது. இன்னும் நேரம் இருக்கிறது. இந்தக் குறியை இப்போது சுடாமல், சும்மா, வாசல் ஓரத்தில் நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தினால் தெரிகிறது. அது நிற்பதில்லை. துளி அசைகிறது, எறும்பு மூச்சு விட்டால் எவ்வளவோ அவ்வளவு. இதைப் பார்க்கக் கூடாது என்றுதான் நான் சுட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று சொன்னால் நாச்சு சிரிப்பாள், சொல்லப்போவதில்லை. ஆத்தாவுக்கு, என் அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம், ஆத்தாவுக்குக் காபியில்தான் ஆரம்பித்தது. டம்ளர் டவராவில் தட்டித் தட்டி ஒரு சத்தம், சமையலறையிலிருந்து ஹாலுக்கு வருகிற வரைக்கும். என்ன ஆத்தா, இன்றைக்குத் தாளத்தோடு வருகிறீர்கள், என்று கேட்டேன், ஆத்தாவும் சிரித்தார்கள், அவர்களுக்கும் அப்போது தெரியாது. பிறகு கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு பித்தானை மற்றவர்கள் போட்டுவிட வேண்டியிருந்தது. அப்போது ஆத்தாவுக்கு என்ன வயசு என்று நான் கணக்குப் போடவில்லை, போட்டாகிவிட்டது, போட்டு மூடியும் வைத்தாகிவிட்டது, அந்த வயசு எனக்கு அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறது. சும்மா இருக்கிற கைதான் நடுங்கும் என்று டாக்டர் என் அண்ணனிடம் சொன்னாராம், வேலை செய்கிற கை அவ்வளவாக நடுங்காதாம். எனவே வேலை செய். சுடு. ஓட்டை. சுடு. ஓட்டை. நான் பொறுமையில்லாதவள் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நல்லது, நினைக்கட்டும், அது ஒரு சௌகரியமான பெயர். முந்திப் போகிறவளைப் பார்த்து நீ மெதுவாகிவிட்டாய் என்று எந்த எண்ணாலும் சொல்ல முடியாது, அவசரப்பட்டுவிட்டாய் என்றுதான் சொல்ல முடியும். பச்சை வந்த பிறகு அமுக்கினால்தானே அளப்பான். அளக்கவே விடவில்லையே நான். அட. இது ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வந்திருந்தால் நாச்சுவிடம் நல்லதாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம், இல்லை, இதைச் சொல்லியிருக்க முடியாது. இந்த நாற்காலி சுகமாக இருக்கிறது. முதுகுக்கு மெத்தை, கழுத்துக்கு மெத்தை, இப்படி ஒரு நாற்காலியில் பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டு நம்மை முக்காலியில் உட்காரவைத்து முருங்கைக்கீரை ஆய விட்டிருக்கிறார்கள்.

முந்தியதால் எல்லாமே ஓட்டையாகத்தான் போயிற்று என்றும் சொல்ல முடியாது. என்னைப் பெண் பார்க்க வந்ததே அப்படித்தான். கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்து, சித்திரை மாசத்து உச்சி வெயிலில், வெளிப் பிராகாரத்தில், ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் ஒளிந்துகொண்டு, பேசட்டும் பேசட்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் நடுவில் விட்டார்கள். அவர் வள்ளியப்பன், கறுப்பு, உயரம், சட்டைப் பையில் பேனா. பேசவில்லை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன், தூண், தூண், யாளி, அத்தை, தூண். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்களுக்கு" என்றார். நான் "சம்மதம்" என்றேன். யாளிக்குப் பின்னால் அத்தை களுக்கென்றது. அவர் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார், பிறகு மூடிக்கொண்டார், பிறகு தரையைப் பார்த்துச் சிரித்தார், அங்கே தட்டு இல்லை. அவர் என்ன கேட்க வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கிறேன், கேட்காமல் இருப்பேனா. "உங்களுக்குப் படிக்கிற ஆசை இருக்கான்னுதானே கேட்க வந்தீங்க." இருக்கலாம் என்பார். "உங்களுக்குத் தண்ணி வேணுமான்னுதானே." அதுவாகவும் இருக்கலாம். பிரசவத்துக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கேட்டேன், "உங்களுக்குக் கால் சுடுதான்னுதானே கேட்க வந்தீங்க, உண்மையைச் சொல்லுங்க, கல்லு அப்படிக் கொதிச்சுச்சு, நான் வேற மாத்தி மாத்தி நின்னேன்." என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ சொல்ல வந்தார், நான்தான் அதற்குள் நர்ஸைக் கூப்பிட்டேன், அடுத்த வலி வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது, வந்ததும் வந்தது. சுடுதா. சுடுகிறேன். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த பாஷையும் என்னைக் கேலி பண்ணுகிறது. பொம்மை எப்போது வந்து எப்போது போனது, பார்க்கவே இல்லை, சுடவும் இல்லை. சுவரில் புதுசாக ஓட்டை எதுவும் இல்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. தாழ்ப்பாள்.

வந்துவிட்டாள். பார்க்காமலே தெரிகிறது, சீயக்காய் வாசனை முதலில், ஈரக்கால் சத்தம் அப்புறம், தலையில் துண்டைக் கொண்டையாகச் சுற்றிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள், முடி நுனியிலிருந்து ஒரு சொட்டு என் தோளில் விழுந்து ஜாக்கெட்டுக்குள் இறங்குகிறது, ஐஸ் மாதிரி. துடைக்கக் கூடாது, கையை எடுத்தால் குறி போய்விடும். "ஆரம்பி" என்கிறாள். கேப்டன். இவளுக்கு நான்தான் தலை வாரிப் பின்னி விட்டேன், ஆடாமல் நில்லு ஆடாமல் நில்லு என்று சீப்பால் தட்டித் தட்டி. இப்போது நான் ஆடாமல் இருக்க வேண்டும். குறி வாசல் ஓரத்தில், தலை உயரத்தில், நிற்கிறது, அசைகிறது. தெரியுமா அவளுக்கு, அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாதா, பன்னிரண்டாம் வகுப்பில் பயாலஜி படித்தவள். சுட்டுவிட்டால் தெரியாது, சுட்டால் குறி தூக்கிப்போடும், எல்லாம் கலங்கிவிடும், சுட்டுவிடலாம், ஷாலினி ஆடிக்கொள்ளட்டும், எனக்கு முருங்கைக்கீரை இருக்கிறது. விரல் இறங்கப்போகிறது. அப்போது என் கைமேல் அவள் கையை வைத்தாள். ஈரமாக, குளிர்ந்து, குளித்து வந்த விரல் நுனியெல்லாம் சுருக்கமாக. "ஏம்மா இப்படி இறுக்கிப் பிடிக்கிற, எலியா அது, ஓடியா போயிடும். இறுக்கிப் பிடிச்சா யாருக்கும் நடுங்கும். எனக்கும்தான் நடுங்கும். லூசா விடு." யாருக்கும் நடுங்கும். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள், உப்புக் கொஞ்சம் தூக்கல் என்கிற மாதிரி. யாருக்கும். அது உண்மையா, டாக்டர் சொல்வாரா, தெரியாது, ஒருநாள் போய்க் கேட்கலாம், அவர் பதிலை அவரையே முடிக்க விடலாம். இப்போதைக்குக் கையை விட்டேன். விடுவது என்றால் எடுப்பதில்லை, சும்மா வைத்திருப்பது, தூங்குகிற குழந்தையின் முதுகில் வைப்பது மாதிரி. குறி நின்றதா என்று கேட்டால் முழுக்க நிற்கவில்லை. அசைந்தது, அசையட்டும். வாசல் காலியாக இருந்தது. காலியான வாசலை நான் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. சாம்பல் நிறத்தில் ஓர் ஓரம், அதற்கப்பால் இன்னும் கொஞ்சம் வெளுத்த சாம்பல், பார்த்தால் அழகாகக்கூட இருக்கிறது. இன்னொரு சொட்டு தோளில். வரவில்லை. எனக்குத் தெரியும் வரப்போகிறது, ஆனாலும் வரவில்லை. வரவில்லை. வந்தது, தலை, காது, அரை முகம், நான் அப்போதுதான் அமுக்கினேன், பாக்கு உடைந்தது, பொம்மை விழுந்தது. அடுத்தது அந்தப் பக்கத்திலிருந்து. விழுந்தது. அடுத்ததற்கு நான் தாமதம், போய்விட்டது, தாமதித்துவிட்டேன் என்று எண் பளிச்சென்று காட்டியது, காட்டட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அதற்கு அடுத்தது விழுந்தது. அதற்கு அடுத்ததும். சுவர் சுத்தமாக இருந்தது, வெள்ளையடித்து வைத்த மாதிரி. நாச்சு துண்டை அவிழ்த்து உதறினாள், என் கழுத்தெல்லாம் தூறல். "ம்" என்றாள். "ஷாலினி ஆன்ட்டிகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ கையைச் சும்மா வை, கிளப் ஹவுஸுக்கு பேடைச் சுருட்டி எடுத்துக்கிட்டு வா, அங்க இருக்குறது கஞ்சி போடாதது." செருப்பு மாட்டிக்கொள்கிற சத்தம், கதவு. பெயர் கொடுக்கப் போய்விட்டாள். தலையைக்கூடத் துவட்டாமல், ஜலதோஷம் பிடித்தால் யார் கஷாயம் போடுவது. கூப்பிட்டுச் சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

இப்போது வீடு மத்தியானம் மாதிரி இருக்கிறது. ஃபேன் சத்தம், எதிர் பிளாக்கில் யாரோ மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ செக் என்கிற சத்தம். ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன், காது இரண்டும் வியர்த்திருக்கிறது, காற்றுப் பட்டதும் சுகமாக இருக்கிறது. கை கஞ்சி போட்ட துணியின் மேல் சும்மா கிடக்கிறது. சும்மாதான் கிடக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மோதிர விரல் கொஞ்சம். நாச்சு சொன்னாளே, யாருக்கும். திறந்திருக்கிற கதவு வழியாக ஹால் சோபா தெரிகிறது, அதில் அவர், சாப்பிட்ட மயக்கத்தில் மல்லாந்து, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு. இரண்டு பாதமும் சோபா கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினேன், சக்கரம் இருப்பதால் திரும்புகிறது, இது ஒரு நல்ல நாற்காலி. "ஏங்க" என்றேன். "அன்னைக்குக் கோயில்ல, உங்களுக்குன்னு ஆரம்பிச்சீங்களே." பேப்பர் ஏறி இறங்கியது. ஒரு பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, நல்ல பதில், இதுவரைக்கும் தோன்றாத பதில், அவரே இதைக் கேட்டால் ஆமாம் அதுதான் என்பார். விழுங்கிவிட்டேன். வாசல் காலியாக இருந்தது. பேப்பர் ஏறியது, இறங்கியது, ஓரம் லேசாகப் படபடத்தது, பாதத்தில் கட்டைவிரல் ஒரு தடவை மடங்கி விரிந்தது. நான் நகரவில்லை. "உங்களுக்கு, அதுக்கப்புறம் என்ன. முழுசா சொல்லுங்களேன். நான் நடுவுல பேசலை."